மாமா என்றால் அம்மா

தப்பு என்னுடையதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

துபாயில், ஜெபல் அலியில் ஒரு குடோனில் நான் டைம் கீப்பர். லீவு பாரம் நிரப்புவதும் என் தலையில்தான். பேக்கிங்கில் வேலை பார்க்கும் கென்யாக்காரி போன வருஷம் ஒரு காலையில் வந்து நின்றாள். அவள் அக்கா செத்துப்போனாளாம். அக்கா மகளுக்கு ஏழு வயது. அப்பன் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். சொந்தக்காரர் யாராவது பதினைந்து நாளுக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் பிள்ளையைக் காப்பகத்தில் சேர்த்துவிடுவோம் என்று அந்த ஊர் அதிகாரி சொல்லியிருக்கிறார். இவளை விட்டால் அந்தப் பிள்ளைக்கு நாதியில்லை.

உறவு என்ற கட்டத்தில் ‘ஆன்ட்டி’ என்று எழுதி அனுப்பினேன். எச்.ஆர். அப்படியே திருப்பியடித்தார். பெற்றோர், கணவன், பிள்ளை, இவர்களுக்கு ஒன்று என்றால்தான் அவசர லீவாம். ஆன்ட்டிக்கெல்லாம் மாஃபி, கிடையாது.

அவள் அழவில்லை. என் முன்னாலேயே ஊருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அந்தப் பிள்ளை “மாமா, மாமா” என்று ஒரே கூச்சல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொம்பளையைப் போய் மாமா என்கிறதே!

அவள் முறைத்தாள். “எங்க பாஷையில மாமான்னா அம்மா, பாய்” என்றாள், அரைகுறை இந்தியில். “நான் மாமா ம்டோகோ. சின்ன அம்மா.”

சின்னம்மா! இதைத்தானே எங்கள் ஊரிலும் சொல்கிறோம்? ஆன்ட்டி என்ற அந்த வெங்காய வார்த்தையை எழுதிய மடையன் நான்.

புது பாரத்தில் ‘அம்மா’ என்று எழுதிக்கொண்டு எச்.ஆரிடம் போனேன். அவரும் தமிழர்தான். சென்னை. குடும்பத்தோடு இருக்கிறார்.

“என்னய்யா, நேத்து ஆன்ட்டி, இன்னிக்கு அம்மாவா? ஒரே நாள்ல பெத்துட்டாளா?”

“சின்னம்மா சார். அவங்க ஊர்ல அதுக்கு மாமான்னு பேரு.”

“மாமான்னா அம்மாவா? அப்ப எங்க மாமாவ என்னன்னு கூப்பிடுறது?”

“அத அப்புறம் பாத்துக்கலாம் சார். ஒங்க பையன் ஒங்க மச்சினிய எப்படிக் கூப்பிடுவாரு?”

“ஆன்ட்டின்னுதான்.”

வெளங்கிடும் என்று நினைத்துக்கொண்டேன். “சரி, நீங்க ஒங்க அம்மா தங்கச்சிய?”

“சின்னம்மா” என்றார். சொல்லிவிட்டு, “அது வேற” என்றார்.

“எது சார் வேற? அந்தப் புள்ளயக் காப்பகத்துல கொண்டுபோய்ப் போட்டப்புறம் ரூல் புக்க தூக்கிட்டுப் போய் நீங்க தாலாட்டுப் பாடுவீங்களா?”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “ஏதாச்சும் ஆச்சுன்னா நீதான் மாட்டுவ” என்று கையெழுத்தைக் கிறுக்கினார். இரக்கமெல்லாம் இல்லை. மேஜையில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

பதின்மூன்றாம் நாள் அவள் அங்கே போய் நின்றுவிட்டாள். பிள்ளை காப்பகத்துக்குப் போகவில்லை. இவளுடைய தோழி ஒருத்தி வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போகிறது. பிள்ளைக்குப் பொறுப்பு இவள்தான் என்று முத்திரை குத்திய தாளோடு திரும்பி வந்து, “பைல்ல வைங்க பாய்” என்று பெருமையாக நீட்டினாள்.

இங்கிலீஷில் இருந்தது. வாசித்தேன். உறவு: ஆன்ட்டி.

அந்த ஊர் ஆபீசருக்கும் இதே வியாதி! தாளை மடித்து அவள் கையிலேயே திணித்தேன். “இத பொட்டியில பூட்டி வை. இங்க நீ அம்மா. எவன் கேட்டாலும் அம்மா. கலாஸ், அவ்வளவுதான்.”