நீலப்பட்டை ஈயும் என் களையெடுப்பும்

காலேஜ் மேடத்துகிட்ட தேனீ எண்ணுகிற வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: காப்பிச் செடி முன்னால் உட்காரணும், எந்த ஈ எந்தப் பூவில் உட்காருதோ அதுக்கு நோட்டில் ஒரு கோடு போடணும். அஞ்சாவது படித்தவளுக்குக் கோடு போட வராதா? மஞ்சக்குட்டைப் பக்கம் காப்பி எஸ்டேட்டில் முப்பது வருஷம் மூட்டை தூக்கி முட்டி போயிருந்தது. உட்கார்ந்தபடி வேலை என்றால் விடுவேனா?

எண்ணுவதற்குக் கயிறு கட்டிப் பிரித்த இடத்துக்கு பிளாட் என்று பேர். மேல் பிளாட் எனக்கு. கீழ் பிளாட் என்கூட வேலைக்குச் சேர்ந்த பச்சையம்மாளுக்கு.

மூன்றாம் நாள் என் நோட்டைப் பார்த்து மேடம் துள்ளினார். வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஈ ஒன்று. “அம்மா, இது காப்பிப்பூவைத் தவிர எதையும் தொடலை! சில ஈ ஒரே பூவை நம்பியிருக்கும், சிலது எல்லாப் பூவுலயும் மேயும். இது முதல் ரகம்!”

பச்சையம்மாள் நோட்டிலோ அதே ஈ காப்பி, தும்பை, மூக்குத்திப்பூ என்று எல்லாவற்றிலும் உட்கார்ந்திருந்தது.

“அப்ப இது ரெண்டும் வேற வேற ஈ! எங்க காலேஜ் பெரிய சாருக்குச் சொல்லிடறேன்” என்று மேடம் போனை எடுத்தார்.

நான் என் பிளாட்டைத் திரும்பிப் பார்த்தேன். முதல் நாள் காலையில், மேடம் வருவதற்குள், சும்மா உட்கார முடியாமல் என் பிளாட்டில் இருந்த களை மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டிருந்தேன். எஸ்டேட் பழக்கம். செடிக்கடியில் தும்பையைக் கண்டால் கை தானாகப் போகும். பச்சையம்மாள் எந்தக் காலத்திலும் குனிய மாட்டாள்.

சொன்னால் வேலை போகும், மறுபடி மூட்டைதான். சொல்லாவிட்டால் பெரிய சார் முன்னால் மேடத்தின் மானம் போகும். படித்தவர்கள் எதிரில் எனக்கு நாக்கே எழாது. பச்சையம்மாள் முதுகில் இடித்தாள்: “சொல்லு புள்ள, ஈ ஒண்ணுதான், களையெடுத்த மகராசி இங்க நிக்கறான்னு!”

“ஏனுங்க மேடம், போன் வேண்டாங்க. வேற பூ இருந்தாத்தானுங்க அது போகும்? நாந்தானுங்க எல்லாத்தையும் புடுங்கிட்டேன். ஊட்டுல களி மட்டும் இருந்தா நானும் களி மட்டுந்தானுங்க திம்பேன்.”

மேடம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். காப்பிப்பூ நாலு நாளில் உதிர்ந்துவிடும். மறுபடி பார்க்க அடுத்த வருஷம்தான். கொஞ்ச நேரம் ரெண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது.

“பல பூ இருந்தா எல்லாத்துக்கும் போகுது, ஒண்ணே இருந்தா அதோட நின்னுக்குது. இதைப் பார்க்க நானே ஒரு பிளாட்டுல களையெடுக்கச் சொல்லியிருக்கணும். நீங்க சொல்லாமலே எடுத்துட்டீங்க.”

“குனியாம இருந்ததுக்கு எம் பேரையும் எழுதுங்க மேடம்” என்றாள் பச்சையம்மாள்.

வேலை போகவில்லை. இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு ஈ ஒரே பூவில் உட்கார்ந்தால், அதுக்கு அதுதான் பிடிக்கும் என்று எழுதிவிடாதே கண்ணு. சுற்றி வேறு என்ன பூத்திருக்கு என்று பார். ஒன்றுமே இல்லை என்றால், யார் பிடுங்கினது என்று விசாரி.

நான் இப்போதெல்லாம் ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் பென்சில் என்று ரெண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் உட்காருகிறேன்.