இருபது அடி தள்ளி நின்றவன்

ஒரு லென்ஸ் வாங்க ஆறு மாதம் யோசித்தவன் நான். பெண் பார்க்கப் போனபோது ஆறு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அந்தப் பெண், என் மனைவி ஸ்டெல்லா, போன வருஷம் நர்ஸ் வேலைக்குக் குவைத் கிளம்பினாள். இரண்டு வருஷ ஒப்பந்தம். நான் வேலை பார்க்கும் துறைமுகத்தில் லீவு கிடைக்காததால், விமான நிலையம் வரை போகாமல் தூத்துக்குடி ஸ்டேஷனோடு வழியனுப்ப வேண்டியதாயிற்று.

அவளை ஒரு நல்ல படம் எடுத்துவிட வேண்டும் என்று, மிரர்லெஸ் கேமராவில் புது 135 எம்எம் லென்ஸை மாட்டிக்கொண்டு போனேன். முகம் துல்லியமாக விழும், பின்னணி வெண்ணெயாய்க் கரையும். ஒரே சங்கடம், ஆள் முழுதாகத் தெரிய வேண்டுமென்றால் நாம் நன்றாகத் தள்ளி நிற்க வேண்டும். வேறு லென்ஸும் கையில் இல்லை.

ரயில் வாசலில் நின்றவளைக் கேமராவில் பார்த்தபடியே பின்னால் நடந்தேன்.

“அண்ணாச்சி, இன்னும் போனா அடுத்த ஸ்டேஷன் மேலூரே வந்துரும்!” என்றார் டீக்காரர்.

“அங்கன நின்னு என்ன செய்யுதிய? இங்கன வாங்க,” என்று ஸ்டெல்லா கையை நீட்டினாள்.

“அப்படியே நில்லு, ஒரே நிமிஷம்!”

ஃபோகஸ் அவள் கண்ணில் விழுந்தது. அழுத்தினேன். வண்டி நகர்ந்துவிட்டது. ஓடினேன், என் தொப்பை அதற்குச் சம்மதிக்கவில்லை.

படத்தைப் பார்த்த நண்பர்கள் லென்ஸைத்தான் புகழ்ந்தார்கள். நான் தினமும் அதைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். நீட்டிய கையின் நகக்கண்ணில் ஒட்டிய மாவுகூடத் தெரிகிறது. கிளம்பும் முன் எனக்காகப் பிசைந்து வைத்த சப்பாத்தி மாவு. அந்தக் கையை ஒருதரம் பிடித்துவிட்டு அனுப்பியிருக்கலாம்.