பதினொரு வரியில் இல்லாதது

புதன்கிழமை காலை, கெப்பாலா பத்தாஸில் வெள்ளம் புகுந்த வயல்களைச் செய்திக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா இறந்துவிட்டதாக அவர் மகள் தொலைபேசியில் சொன்னாள். கையிலிருந்த குறிப்பேட்டில் பெயர், வயது, நேரம், அடக்கம் செய்யும் இடம் என்று வரிசையாக எழுதினேன். அதன் பிறகுதான் உட்கார இடம் தேடினேன். முப்பது வருட நிருபர் வேலை கையை அப்படிப் பழக்கியிருக்கிறது.

நம் எழுத்தாளர் கூட்டங்களுக்கு வந்தவர்கள் அவரை அறிவீர்கள். அக்கரையில், பிறை நகரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். வேலை முடிந்து ஃபெரியில் தீவுக்குத் திரும்பும் அந்தக் கொஞ்ச நேரத்தில் கதை எழுதுவார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். மாதம் ஓர் எழுத்துச் சவாலை அவர் எனக்குத் தருவார், நான் அவருக்கு. கடைசி ஞாயிறு, பூசை முடிந்து அவர் வந்ததும், கோப்பிக்கடையில் எழுதியதை வாய்விட்டு வாசிக்க வேண்டும். பாராட்டக் கூடாது. கேட்பவர், தன் கவனம் சிதறும் வரியில் மேசையைத் தட்டலாம், அவ்வளவுதான்.

அவர் கதைகளில் கடைசியில் எல்லோரும் அழுவார்கள். "யாரும் அழாம ஒரு சாவு வீடு எழுது ஜெசி" என்றேன். மூன்று மாதம் தோற்றார். நான்காம் மாதக் கதையில், கணவனை இழந்தவள் வந்தவர்களின் செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்துக்கொண்டே இருந்தாள். நான் தட்டவில்லை.

"என்னண்ணே, கை வலிக்குதா?" என்றார்.

என் கதைகளைப் பற்றி அவர் சொன்னது: "உங்க ஆளு செத்தா பேரு இருக்கு, வயசு இருக்கு, எந்தத் தாமான்ல வீடுன்னுகூட இருக்கு. அவனுக்காக யாரு சோறு எடுத்து வெச்சிருந்தான்னு மட்டும் இல்லலா."

போன வருடம் ஒருநாள், யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் தம்பி பிறையில் லாரி மோதி இறந்தான். செய்தியை நானே எழுதினேன். பதினொரு வரி. இறந்தவன் என் தம்பி என்பது அதில் இல்லை.

"அதுல இல்லாதத எழுதுங்க. ஒரு பக்கம் போதும்" என்றார்.

பிறகு ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் சொன்னேன். மழை, கண் வலி, அலுவலக வேலை. அவர் மெலிந்துகொண்டே வந்தார். தவக்கால ஒருசந்தி நோன்பு என்று நினைத்துக்கொண்டேன். கேள்வி கேட்பதே தொழிலாகக் கொண்டவன், அதைக் கேட்கவில்லை.

இறப்பதற்கு இரண்டு நாள் முன், மருத்துவமனையில் என்னைப் பார்த்ததும், "பக்கம் எங்கண்ணே?" என்றார்.

"பாதி முடிஞ்சிருச்சு."

"பொய் சொல்றப்ப மட்டும் நல்லா கதை வருது உங்களுக்கு." சிரிப்பு இருமலில் முடிந்தது. "எப்ப முடியும்?"

"வர்ற ஞாயிறு."

ஒரு சொல்கூட நான் எழுதியிருக்கவில்லை. அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை அடக்கம். ஞாயிறு காலை வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். தம்பி அன்று என் நீலச் சட்டையைக் கேட்காமல் போட்டுக்கொண்டு போனான். வாசல்வரை போய்த் திட்டினேன். பிணவறையில் அந்தச் சட்டையைக் காட்டித்தான் அடையாளம் சொன்னேன். அங்கிருந்து நேராக அலுவலகம் போய்ச் செய்தி எழுதினேன்.

ஜெசிந்தா கைப்பட எழுதியது எதுவும் என்னிடம் இல்லை. அவர் விடாமல் கேட்ட இந்த ஒரு பக்கம் இருக்கிறது. சொன்ன ஞாயிறன்றே முடித்துவிட்டேன். அவருக்கு அது நான்கு நாள் தாமதம்.