பாட்டுக்காரர் பொண்டாட்டி அலமாரியும் எங்க மாடிக் கொடியும்

அடுத்தவங்க துணிக்குக் காவல் இருக்கிற வேலை லேசுப்பட்டது இல்லீங்க. நம்ம துணியைத் துவைக்கவே நேரம் கிடைக்காதப்ப, இன்னொருத்தி துணிக்கு நம்பர் ஒட்டி, போட்டோ எடுத்து, அதுக்கு வேர்க்காம பாத்துக்கணும். ஊசி குத்தின விரலோட ஊரார் உடம்புக்கு அளவெடுக்கிற அக்கா தங்கச்சிங்களே, என் பேஜாரு உங்களுக்குத்தான் புரியும்.

நான் பிலோமினா. வீடு எண்ணூர். தையல் வேலை. ராயபுரத்துல கடலைப் பாத்த மாதிரி ஒரு பெரிய ஃப்ளாட்டு, அதுல ஒரு ராக் பாட்டுக்காரத் தம்பி. காசிமேட்டுல ஐஸ் பெட்டியைத் தட்டித் தாளம் போட்டு வளந்த புள்ள, இப்ப ஊரு ஊரா மேடை. அவரு பொண்டாட்டிதான் நம்ம மேடம், பெங்களூர் பொண்ணு. ஒரு ரூம்ல அவங்க ரெண்டு பேரும் தூங்குறாங்க, இன்னொரு ரூம்ல துணிங்க ஏசி போட்டுகினு தூங்குது. மேடம் தன் அலமாரியைத் தெனம் ஒரு வீடியோ எடுத்துப் போடுவாங்க. எடுத்துக் குடுக்கிறது, மடிக்கிறது, கிழிஞ்சா தைக்கிறது எல்லாம் நான்.

இந்த வேலைக்கு ஒத்துக்கினது ஒரே ஒரு கவுனுக்காக. எம் பொண்ணு ஜெனிக்கு ஒம்போது வயசு. இந்த வருசம் அவளுக்குப் புதுநன்மை. எங்க மாதா கோயில்ல புள்ளைங்க மொத தடவையா சாமியார் கையால நன்மை அப்பம் வாங்குற அன்னிக்குப் பொண்ணுங்க தலையிலேர்ந்து கால் வரைக்கும் வெள்ளை உடுத்தணும். ஊருக்கெல்லாம் அந்தக் கவுனைத் தச்சிக் குடுத்தவ நான். எம் பொண்ணுக்கு ஒண்ணு, எவளும் வாயைப் பொளக்கிற மாதிரி தைக்கணும்னு எனக்கு வெறி.

வலைச் சட்டை

வெளிநாட்டுலேர்ந்து மேடம் ஒரு சட்டை வரவழைச்சாங்க. சட்டைன்னா சட்டை இல்ல, கருப்பு வலை. வந்த வாரமே வளையல்ல மாட்டி ஒரு பக்கம் அறுந்துபோச்சு. "பிலோ, இது லிமிட்டெட் எடிஷன், ஜாக்கிரதை"ன்னு என் கையில குடுத்தாங்க. என்னைவிடப் பத்து வயசு சின்னவங்க, நான் அவங்களுக்கு வெறும் பிலோ. போவட்டும். வலை தைக்க எனக்கு எங்க தெரியும்? நேரா காசிமேட்டுக்குப் போயி, வலை பின்னுற ஏழுமலை மாமாகிட்ட நீட்டினேன்.

மாமா வலையூசியை எடுத்தாரு, கால் கட்டைவிரல்ல சட்டையை மாட்டி இழுத்துப் புடிச்சாரு, ரெண்டு பீடி நேரத்துல முடிச்சு மேல முடிச்சு போட்டு ஏத்திட்டாரு. அறுந்த எடம் எதுன்னு எனக்கே தெரியல. நல்லாத்தான் கீதான்னு விரிச்சுப் பாத்தவரு மூஞ்சி சுருங்கிப்போச்சு. "இன்னாமா கண்ணி இம்மாம் பெருசா கீது? இதுல ஒரு மீனும் நிக்காதே. அந்தம்மா இத்தப் போட்டுகினு எத்தப் புடிக்கப் போவுது?"

கேட்டுக்கு முன்னால

அப்புறம் பாய்லர் சூட் சீசன். எங்க வூட்டுக்காரரு ஹார்பர்ல ஃபிட்டரு, பேரு சேவியர். தெனம் அவரு மாட்டிகினு போறது அதான்: கழுத்துலேர்ந்து கணுக்கால் வரைக்கும் ஒரே துணி, முன்னால ஜிப்பு, மேல ஆயில் கறை. மேடமும் ஒண்ணு வாங்கினாங்க, கறையைக் கம்பெனிக்காரங்களே போட்டு அனுப்புறாங்களாம். அதைப் போட்டுகினு துறைமுக கேட்டுக்கு முன்னால போட்டோ எடுக்கணும்னு என்னையும் இழுத்துகினு போனாங்க. நான் குடை, சீப்பு, தண்ணி பாட்டில்.

கன்டெய்னர் லாரிங்க கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் வரிசையா நிக்குது. மேடம் ஒரு கையை இடுப்புல வெச்சு, இன்னொரு கையால வானத்தைக் காட்டினாங்க. முன்னால நின்ன லாரிக்காரரு கைலியை மடிச்சுக் கட்டிகினு குதிச்சு ஓடியாந்தாரு. அவரைப் பொறுத்தவரைக்கும் பாய்லர் சூட் போட்டவங்க ஆபீசருதான். "யம்மா, மூணு நாளா குளிக்காம இங்கியே கீறோம். போட்டோ அப்பால எடுத்துக்கலாம், மொதல்ல கேட்டைத் தொறக்கச் சொல்லு!"

மிஷின் படுத்துகிச்சு

இப்பத்தான் என் தலையெழுத்து ஆரம்பிக்குது. ஒரு நாளு ஃப்ளாட்டுல வாஷிங் மிஷின் படுத்துகிச்சு. மேடத்தோட வெள்ளைத் துணி மூட்டையை நான் வூட்டுக்கு எடுத்தாந்து துவைச்சு மாடிக் கொடியில போட்டேன். எண்ணூர்ல மாடியில வெள்ளையைப் போடுறவ பைத்தியக்காரி. பவர் பிளாண்ட் பொகைக்கூண்டு எங்க மாடிக்கு நேரா கீது. காத்து திரும்பிச்சுன்னா சாம்பல் வந்து அரிசி மாவு சலிச்ச மாதிரி இறங்கும், பனி பட்டுச்சுன்னா அப்படியே ஒட்டிக்கும். நானும் தெரிஞ்சவதான், அன்னிக்கு ஜெனிக்கு வீசிங்னு ஆஸ்பத்திரிக்கு ஓடினதுல மறந்தே போயிட்டேன்.

மறுநாளு செத்தோம்டான்னு நெனைச்சுகினு சாம்பல் புடிச்ச சட்டையை நீட்டினா, மேடம் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. கோவத்துல இல்ல, சந்தோசத்துல! "பிலோ! என்ன ஷேட் இது! கிரே கூட இல்ல, ஒயிட் கூட இல்ல. எப்படிப் பண்ணீங்க?" எப்படிப் பண்ணேன்னு நான் இன்னாத்தச் சொல்றது? அன்னிலேர்ந்து வாரத்துக்கு ஒரு மூட்டை வெள்ளைத் துணி எங்க மாடிக்கு வருது. தண்ணி தெளிச்சு, பொகைக்கூண்டு பக்கமா விரிச்சு, ரெண்டு நாளு விடணும். சேவியரு அதுல கில்லாடி ஆயிட்டாரு. பக்கத்து மாடியில கனகா பெட்ஷீட்டை உதறி உதறிக் கை ஓய்ஞ்சு நின்னா. நாங்க வெள்ளையைக் கறுக்க வெக்கிறோம்னு தெரிஞ்சதும் மார்ல அடிச்சுக்கினா. "அடிப்பாவி, அப்ப நாங்கல்லாம் இத்தினி வருசமா ஃபேஷனாவா கீறோம்?"

தம்பிகிட்ட ஒரு வார்த்தை

ஜெனிக்கு இருமல் நிக்கல. மாடிக்குப் போவாதன்னு டாக்டரு சொல்லிட்டாரு. வூட்டுக்குள்ள மூட்டை மூட்டையா சாம்பல் துணியை வெச்சுகினு நான் யார் மூஞ்சில முழிக்கிறது? பாட்டுக்காரத் தம்பி அந்தச் சாம்பலைப் பத்தியே ஒரு பாட்டு பாடுவாரு, மேடையில தொண்டை கிழியும், பசங்க சட்டையைக் கழட்டிச் சுத்துவானுங்க. சரி, நம்ம ஏரியா புள்ளையாச்சே, இனிமே துணி அனுப்பாதன்னு இவராவது பொண்டாட்டிகிட்ட எடுத்துச் சொல்லட்டும்னு போனேன்.

தம்பி காத்து சுத்தம் பண்ணுற மிஷின் பக்கத்துல உக்காந்து கிட்டாருக்குக் கம்பி மாத்திகினு இருந்தாரு. நான் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டினாரு. அப்புறம் எழுந்து போயி கதவைச் சாத்திட்டு வந்து, குரலைத் தணிச்சுகினாரு. "பிலோக்கா, பாட்டுல பாடறது வேற. வூட்டுல இத்தப் பேசினா எனக்குச் சோறு கெடைக்காது."

வெள்ளையெல்லாம் மாடிக்கு

கவுன் ரெடி. வண்ணாரப்பேட்டையில நெட்டு, சாட்டின், லேஸ் எல்லாம் நானே பாத்துப் பாத்து வாங்கி, மூணு மாசமா சமையல் முடிச்ச கையோட தச்சது. கழுத்துல மட்டும் நாலு வரிசை முத்து. ஞாயித்துக்கிழமை புதுநன்மைப் பூசை. வியாழக்கிழமை காலையில இஸ்திரி போட்டு, கதவு ஆணியில மாட்டிட்டு வேலைக்குப் போனேன். மேடத்துக்கு ஏதோ ஷூட்டிங்கு, ரெண்டு நாளு அங்கியே தங்க வெச்சுட்டாங்க.

சனிக்கிழமை வந்து பாத்தா ஆணி காலி. மாடிக்கு ஓடினேன். மேடத்தோட நாலு சட்டைக்கு நடுவுல, பொகைக்கூண்டைப் பாத்துகினு, தண்ணி தெளிச்சு, கிளிப்பு போட்டு, எம் பொண்ணு கவுன் தொங்குது. சோப்பு, ஷாம்பு, சொட்டு நீலம், மூணு தடவை அலசினேன். சாட்டின் கொஞ்சம் வெளுத்துச்சு, நெட்டும் லேஸும் விடவே இல்ல. நான் ஓன்னு அழுவுறேன். சேவியரு நைட் ஷிப்ட்டு முடிச்சு வந்த பாய்லர் சூட்டோட மூலையில நின்னாரு, ஜெனி அவரு கையைப் புடிச்சுகினு நின்னா. சேவியரு மெதுவா சொன்னாரு: "நீதானடி சொன்ன, வூட்டுல வெள்ளையா எது இருந்தாலும் மாடிக்கு ஏத்திடுன்னு."

ஞாயித்துக்கிழமை

வேற கவுன் இல்ல. அதையே போட்டு, அதே சாம்பல் நெட்டைத் தலையில முக்காடா போட்டு, மெழுகுவத்தி குடுத்து நிக்க வெச்சேன். பதினோரு பொண்ணுங்க பால் மாதிரி, பன்னண்டாவது எம் பொண்ணு. போட்டோக்காரரு அவளைக் கடைசியில தள்ளினாரு. எனக்குத் தலை நிமிரல. ஊருக்கெல்லாம் வெள்ளை தச்சவ நான்.

நான் ஒரு மரியாதைக்குக் கூப்பிட்டு வெச்சிருந்தேன், மேடம் நெசமாவே வந்துட்டாங்க, அதே சாம்பல் சட்டையில. கோயில் முழுக்க அந்தக் கலர்ல ரெண்டே பேரு. பூசை முடிஞ்சதும் நேரா ஜெனிகிட்ட வந்து மண்டி போட்டு லேஸைத் தடவினாங்க. "பிலோ, மாஸ்டர்பீஸ்! இது என் கலெக்‌ஷன்ல இருந்தே ஆகணும். இவளுக்கு இதைவிட நல்லதா பத்து கவுன் வாங்கித் தரேன்." சுத்தி நின்னவங்க எல்லாம் என் மூஞ்சியப் பாக்குறாங்க. முடியாதுன்னு சொல்லலாம்னா வேலை கண்ணு முன்னால நிக்குது.

ஜெனி மெழுகுவத்தியை என் கையில குடுத்தா. ஒரு இருமல் இருமினா. மேடம் விரலை லேஸ்லேர்ந்து மெதுவா எடுத்துவுட்டா. "கவுன் எங்கம்மா எனக்குத் தச்சது, தரமாட்டேன் ஆன்ட்டி. கலர்தானே வோணும்? எங்க வூட்டுல வந்து தங்குங்க. எனக்கு நெஞ்சுக்குள்ள கூட அதான் கீதுன்னு டாக்டர் சொன்னாரு."

மேடத்தோட அலமாரியை இப்ப வேற யாரோ பாத்துக்கிறாங்க, அந்த ஷேடு மட்டும் எங்க மாடியில இன்னிக்கும் ஓசியிலயே இறங்கிகினு கீது, வேணுங்கிறவங்க ஒரு வெள்ளைத் துணியும் நல்ல மூச்சும் எடுத்துகினு வரலாம்.