ஆமை ஓட்டில் ஒரு துளை

விரிவுரையாளர் பைக்குள்ளிருந்து ஆமை ஓடு ஒன்றை எடுத்து முன்வரிசை மேசையில் வைத்தார். விளிம்பு நொறுங்கியிருந்தது, நடுவில் ஒரு துளை. "ஜாகுவாரின் கோரைப்பல்" என்றார். என் சுட்டுவிரல் அந்தத் துளைக்குள் போனது. இந்த மிருகத்தை நான் நேரில் பார்க்கவேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

நான் மொன்ட்ரியாலில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க மெட்ரோவில் நின்றபடி ஜாகுவாரைப் பற்றியே வாசித்தேன். மற்றப் பெரிய பூனைகள் குரல்வளையைக் கவ்வும். இது மண்டையோட்டையே கடித்துத் துளைக்கும். ஆற்றோரக் காடும் சதுப்பும் அதன் வீடு. நன்றாக நீந்தும். முதலை, காட்டுப்பன்றி, ஆமை, மீன், எது அகப்பட்டாலும் தின்னும். மரத்தைப் பிறாண்டி, சிறுநீர் தெளித்துத் தன் எல்லையைச் சொல்லிவிட்டுத் தனியே திரியும்.

வசந்தத்தில் விரிவுரையாளர் என்னைக் கூப்பிட்டார். ஓகஸ்டில் அவருடைய குழு பிரேசிலின் சதுப்புநிலத்துக்குப் போகிறது. வறண்ட காலத்தில் மிருகங்கள் ஆற்றங்கரையில் கூடும். மரங்களில் கட்டிய கமெராக்களைப் பார்க்க ஒரு மாணவர் தேவை, வருகிறாயா என்று கேட்டார். அவர் முடிக்கமுன் தலையாட்டிவிட்டேன்.

வீட்டில் சொன்னேன்.

"ஓகஸ்டிலையோ?" அம்மா கரண்டியை வைத்தார். "தங்கச்சியின்ர சாமத்திய வீடு எல்லோ!"

தங்கச்சி பெரியபிள்ளையாகி ஒரு வருசம் கடந்திருந்தது. கோடைக்கு மண்டபம், அதுதான் ஹோல், கிடைக்கவேண்டும், வீடியோக்காரர் ஓய்வாக இருக்கவேண்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவருக்கு வசதியான சனிக்கிழமைதான் எங்கள் நல்லநாள்.

"பூனை பாக்கப் பிரேசிலுக்கோ?" அப்பா சிரித்தார். "புரோசார்ட்டிலை இருக்கிற அன்ரி வீட்டிலை ரெண்டு பூனை நிக்குது. போய்ப் பார்."

"அப்பா, பகிடி விடாதேங்கோ."

"தோழியா நீ பக்கத்திலை நிக்காட்டிச் சனம் என்ன கதைக்கும்?" என்றார் அம்மா. "மூத்தவள் ஆரோடயோ ஓடிட்டாள் எண்டுதான் கதைக்கும்."

இரண்டு கிழமை சண்டை பிடித்தேன். பிறகு விரிவுரையாளரிடம் போய் வரமுடியாது என்றேன். அன்று பின்னேரமே என் இடத்துக்கு இன்னொருத்தியை எடுத்துவிட்டார்கள்.

ஜூலையில் லண்டன் மாமிக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு. சாமத்திய வீடு செப்டெம்பருக்குப் போய்விட்டது. வீடியோக்காரரும் ஓம் என்றார், ஹோல்காரரும் ஓம் என்றார்.

"நாள் மாத்தேலாது எண்டுதானே எனக்குச் சொன்னியள்?"

"மாமி வராமல் எப்பிடிச் செய்யிறது?"

"அப்ப நான்?"

"நீ இஞ்சதானே நிக்கிறாய்" என்றார் அம்மா, வெங்காயத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

ஓகஸ்ட் முழுவதும் மொன்ட்ரியால்-நோரில் எங்கள் வீட்டில் இருந்து பலகாரப் பெட்டிகளுக்கு ரிபன் கட்டினேன்.

செப்டெம்பரில் என் இடத்துக்குப் போனவள் தான் எடுத்த படத்தைக் காட்டினாள். ஆற்றுக்குள்ளிருந்து ஒரு ஜாகுவார் முதலையைப் பிடரியில் கவ்வி இழுத்துக்கொண்டு கரையேறுகிறது. நல்ல படம் என்றேன். அதே கிழமை மேடையில் சேலையோடு விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அக்கா, கொஞ்சம் சிரியுங்கோ" என்று வீடியோக்காரர் மூன்றுமுறை சொல்லவேண்டியிருந்தது. ஜாகுவார்க் குட்டி இரண்டு வயதளவில் தாயை விட்டுத் தன் வழியில் போய்விடும். எவரும் அதை மேடையில் நிறுத்துவதில்லை.

பவுடர் அப்பிய முகத்தோடு தங்கச்சி என் காதுக்குள் கேட்டாள்: "என்னாலதானே போகேல்ல?"

"உன்னால இல்லையடி." அது உண்மை. அவளிடம் எவரும் நாள் கேட்கவில்லை.

அடுத்த பயணத்துக்கு என்னைச் சேர்க்கும்படி விரிவுரையாளரிடம் மறுபடி கேட்டிருக்கிறேன். பழைய கமெரா இரண்டு தந்து, முதலில் இங்கே பழகிக்கொண்டு வா என்றார். சனிக்கிழமை அவற்றைப் புவாண்ட்-கிளேர் பக்கத்து ஆற்றோரப் பற்றைகளில் கட்டப்போகிறேன். படத்தில் ரக்கூன்தான் விழும், விழட்டும். வீட்டில் இந்தமுறை பயணச்சீட்டு கைக்கு வந்தபிறகுதான் வாய் திறப்பேன்.