பல்லி போட்ட முடிச்சு

உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கியபடி கண்ணாடி துடைப்பவருக்குப் பல்லி என்று பெயர் வைத்தவன் யாரோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறான். இருபத்திரண்டு வருடம் சுவரோடு ஒட்டிக் கிடந்த மனுஷன். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையை முடக்கிப் போட்டது. கை தேறிவிட்டது, மறுபடி ஏறலாம் என்று சூப்பர்வைசர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

தேறியதைக் காட்டச் செடி வளர்க்கும் ஒரு தொங்குதொட்டி செய்ய உட்கார்ந்தார். நசுங்கிய அலுமினியச் சட்டி, அடியில் ஆணியால் நாலு துளை, உள்ளே ஜல்லி, அதன்மேல் மணல் கலந்த மண், தண்ணீர் அதிகம் கேட்காத தடித்த இலைச் செடிகள் மூன்று. சட்டியைத் தாங்கப் பழைய வேலைக் கயிற்றில் ஒரு வலை. வலை முழுக்க முடிச்சு. அவருக்கு வேண்டியதும் அதுதான்.

விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு முடிச்சுக்கு அரைமணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு மத்தியானம் கண்ணயர்ந்தார். மனைவி தொட்டதும் அது அவிழ்ந்து வந்தது. பார்த்தால் மனுஷன் ஒடிந்துபோவார் என்று அவளே இறுக்கிப் போட்டு வைத்தாள். வருடக்கணக்கில் அவருடைய கயிறுகளைத் துவைத்துக் காயப்போட்டவளுக்கு எல்லா முடிச்சும் அத்துப்படி. எழுந்தவர் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"பாத்தியாடி, கை வந்துருச்சு!"

அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. பாவி, முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

தொட்டி முடிந்ததும் பல்லி சொல்லி அனுப்ப, சூப்பர்வைசர் வந்தான். கொக்கியில் ஆடிய தொட்டியைப் பிடித்து மூச்சைப் பிடித்து இழுத்தான்.

"அட, பல்லிண்ணே! கல்லு மாதிரி நிக்குதே. திங்கக்கிழமை வந்துருங்க. பதினாலாவது மாடி."

மனைவி குறுக்கே வந்து நின்றாள். அத்தனை உயரத்தில் அவர் போட்டதை யார் அவிழ்த்துக் கட்டுவது?

"அது அவர் போட்டதில்ல, தம்பி. எல்லாம் நான் போட்டது."

"பொய் சொல்றா! நான் வேலைக்குப் போறது இவளுக்குப் பொறுக்கல!" என்று பல்லி கத்தினார்.

சூப்பர்வைசர் மிச்சக் கயிற்றை நீட்டினான். பல்லி பல்லைக் கடித்துக்கொண்டு, வியர்த்து வழிய, ஒரு முடிச்சுப் போட்டார். அவன் ஒற்றை விரலால் இழுத்தான். கயிறு அவர் மடியில் விழுந்தது.

அவன் தொட்டி வலையின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"மொட்டை மாடியில நின்னு கயிறு கட்டிவிட ஆள் கிடைக்காம திண்டாடுறேன். நீங்க வர்றீங்களா அக்கா?"

அவள் கணவன் பக்கம் திரும்பவே இல்லை.

"எத்தன மணிக்கு வரணும், தம்பி?" என்று கேட்டாள்.