ரெண்டு கியர் ராடு வைத்த வண்டி

ஸ்டிக்கரை நம்பி அட்வான்ஸ் கொடுத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட, நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் கௌரவம் மிஞ்சும்.

வண்டலூர்ப் பக்கம், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, பழைய வண்டிகள் விற்கிற ஓர் இடம். கறுப்பாக, யானைக்குட்டி உயரத்தில் ஒரு எஸ்.யூ.வி. நின்றிருந்தது. பின்கதவில் கொட்டை எழுத்தில் ‘4x4’. அதாவது நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்; சேறோ மணலோ மலையோ, ரோடே இல்லாத இடத்திலும் போகும். ஐம்பத்திரண்டு வயதில் முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டே ஆஃப்ரோடு வீடியோ பார்க்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்? பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. ஓட்டிப் பார்க்கவில்லை. ஸ்டிக்கரை மட்டும் ஆசையாகத் தடவிப் பார்த்தேன். டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தேன். பம்பர் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து செல்ஃபியும் எடுத்துக்கொண்டேன். காலைக் கீழே இறக்குவதற்குக் கடைக்காரர் உதவினார்.

அதற்குப் பிறகுதான், கல்யாணப் பத்திரிகை அடித்துவிட்டுப் பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி, மெக்கானிக்கை அழைத்துப் போனேன். பொழிச்சலூரில் ஷெட் வைத்திருப்பவர். எங்கள் சின்னக் காரை ஒன்பது வருடமாக உயிரோடு வைத்திருப்பவர். வண்டிக்கு அடியில் படுத்தவர் ஒரு நிமிடத்தில் வெளியே வந்தார்.

“இது நாலு வீலும் இழுக்கும்னு யார் சார் சொன்னது?”

“பின்னாடி போட்டிருக்கே.”

“ஆட்டோ பின்னாடி புலி படம்கூடதான் ஒட்டிக்கினு போறான். கடிக்குதா இன்னா?”

இழுக்கிற வேலை முழுவதும் பின்சக்கரங்களுக்குத்தானாம். முன்சக்கரங்கள் இரண்டும் கல்யாண ஊர்வலத்தில் சும்மா கூட நடக்கிற ஒன்றுவிட்ட சித்தப்பாக்கள்.

அட்வான்ஸைத் திருப்பி வாங்கியது என் மனைவி. சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். சண்டை போடவில்லை. காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டோடு போய் அந்த ஆபீஸ் சோபாவில் உட்கார்ந்து திருத்த ஆரம்பித்தாள், அவ்வளவுதான். வருகிற வாடிக்கையாளர்கள் எல்லாம் “என்ன டீச்சர், இங்கே?” என்று விசாரித்தார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் பொறுமையாக, பக்கத்தில் இருந்த என்னைப் பேனாவால் சுட்டிக்காட்டி, முழுக்கதையையும் சொன்னாள். இருபத்து மூன்றாவது விடைத்தாளில் பணம் வந்துவிட்டது. முடிச்சூரில் எங்கள் தெருவுக்கு அன்று மாலைக்குள் கதையும் வந்துவிட்டது.

அன்றைக்கே நிபந்தனையும் போட்டாள். ஆயுத பூஜைக்குள் ஒரு நல்ல வண்டி. மெக்கானிக் சரி என்று சொல்ல வேண்டும். என் வாயால் ஒரு வண்டியையும் புகழக் கூடாது. முடியவில்லை என்றால் வண்டிக்கு வைத்த பணத்தில் மொட்டைமாடியில் ஓர் அறை எழும்பும், அவள் ட்யூஷனுக்கு. நியாயமான ஆசைதான். ஹாலில் பதினொரு பிள்ளைகள் உட்கார்ந்து இயற்கணிதம் போடும்போது நான் சமையலறையில் நின்றபடி செய்தி பார்க்கிறேன். ஆனால் அறை வந்துவிட்டால் என் மலை போய்விடும். கொல்லிமலையிலும் ஜவ்வாதுமலையிலும் பஸ் திரும்புகிற இடத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கல்யாணமான வருடத்திலிருந்து அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கும் தெரியாது, ஆனால் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வண்டி எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியே கிடைத்தது. வெள்ளை நிறம், பளபளப்பு, கதவைத் திறந்ததும் மல்லிகை வாசம். நான் மூச்சை இழுத்துக்கொண்டு புகழ வாயைத் திறந்தேன். மனைவி பார்த்தாள். மூடிக்கொண்டேன். மெக்கானிக் எஞ்சின் பக்கமே போகவில்லை. டிரைவர் சீட் பெல்ட்டை இழுத்தார், இழுத்தார், கடைசி முழம் வரை இழுத்தார். அந்தக் கடைசி முழத்தில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு. வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டி. சீட்டைக் கழுவலாம், கார்ப்பெட்டை மாற்றலாம். சுருண்டு உள்ளே போன பெல்ட்டை யாரும் கழுவுவதில்லை. மல்லிகை எதற்கு என்றும் அப்போதுதான் புரிந்தது. வெள்ளம் வந்தபோது பீரோ வரைக்கும் தண்ணீர் பார்த்த வீடு எங்களுடையது. பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு நான் வாசத்தில் மயங்கினேன் என்பதை மனைவி இரவுச் சாப்பாட்டில் இரண்டு முறை நினைவூட்டினாள்.

மாடி அறைக்கு ஒரு கொத்தனார் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டும் போனார்.

ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு மெக்கானிக்கிடமிருந்து போன். திருநீர்மலையில் ஒரு வண்டி. காலையில் நாங்கள் வருகிற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார். போனதும் முதல் வேலையாக பானெட்டைக் குழந்தை நெற்றி மாதிரி தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. முன்பே சூடாக்கி வைத்தால், காலைக் குளிரில் கிளம்ப அடம்பிடிக்கும் எஞ்சினை மறைத்துவிடலாமாம்.

வண்டி அழகில்லை. ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்கும். சீட் கிழிசலில் பஞ்சு எட்டிப் பார்த்தது. உரிமையாளர் அந்த ஊர்ப் பழைய நிலக்காரர், வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர். படப்பைப் பக்கம் தோப்புக்குப் போய்வரப் பத்து வருடம் ஓட்டியிருக்கிறார். இப்போது இடுப்புவலி. ஆனால் உள்ளே கியர் ராடுக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி ராடு நின்றது. நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுப்பது அதுதான். ஸ்டிக்கர் எதுவும் இல்லை.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. மெக்கானிக் ஸ்பேனரால் அடிச்சட்டத்தை முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போனார். துருப்பிடித்த இடம் ‘டொப்’ என்னுமாம். எல்லா இடமும் ‘டங்’ என்றது. பிறகு எஞ்சினுக்கு அடியில் அன்றைய பேப்பரை விரித்துவிட்டு, வாங்க டீ குடிக்கலாம் என்று கூட்டிப் போனார். இரண்டு டீ, ஒரு மசால்வடை. திரும்பி வந்தால் பேப்பரின் சினிமாப் பக்கத்தில் ஒரே ஒரு சொட்டு ஆயில். என் முகம் தொங்கிப்போனது.

“ஒரு சொட்டுதான் சார். பழைய டீசல் வண்டி ஒழுகவே இல்லன்னா உள்ள ஆயிலே இல்லன்னு அர்த்தம்” என்றார்.

கடைசிச் சோதனை மலைக்குப் பின்னால், கைவிடப்பட்ட கல்குவாரிக்குப் போகிற பாதையில். முந்தின நாள் மழை. செஞ்சேறு. அதைத் தாண்டி ஓர் ஏற்றம். மெக்கானிக் சக்கரங்களைப் பார்ப்பதற்காக மேட்டின் மேல் போய் நின்றுகொண்டார். நான் ஸ்டியரிங்கில், பெரியவர் பக்கத்தில், மனைவி பின்சீட்டில். மூன்று வருட வீடியோ அறிவை அந்த ஐந்து நிமிடத்தில் இறக்கினேன். டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும், சேற்றில் எப்படி மூச்சுவிட வேண்டும் என்று பெரியவருக்கே வகுப்பு எடுத்தேன். மேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, குட்டி ராடை ராஜா வாள் உருவுகிற தோரணையில் இழுத்து, ஆக்சிலரேட்டரை மிதித்தேன்.

எஞ்சின் உறுமியது. வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தேன். பக்கத்து மரத்துக் காக்கைகள் நகர்ந்தன, வண்டி நகரவில்லை.

“போச்சு, க்ளட்ச் போயிடுச்சு” என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது: ஆயுத பூஜை கெடு, கொத்தனார் டேப், எல்லாம். என் வாயாலேயே என் மலையை முடித்து வைத்துவிட்டேன். மேட்டிலிருந்து மெக்கானிக் கை ஆட்டி ஏதோ கத்தினார்; காதில் விழவில்லை. பெரியவர் ஜன்னல் வழியாகக் கோயில் பக்கம் பார்த்துக்கொண்டு, “வண்டிக்கு ஒண்ணுமில்ல” என்று மட்டும் சொன்னார். அந்த ‘க்கு’வை அவர் அழுத்திய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

பின்னால் காகிதம் புரளும் சத்தம். நான் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் மனைவி சீட் பையில் கிடந்த வண்டியின் கையேட்டை எடுத்துப் படித்திருக்கிறாள். ராடு நான்கு இடத்தில் நிற்குமாம். நான் இழுத்தது பாதி தூரம். எந்தச் சக்கரத்துக்கும் இழுவை இல்லாத நியூட்ரலில் நிறுத்திவிட்டு மிதித்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் அந்தப் புத்தகத்தை அப்படியே மூடி வைத்திருக்கலாம். க்ளட்ச் போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. மாடி அறை அவளுடையது. ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் போதும்.

“நீங்க கொஞ்சம் இறங்குங்க” என்றாள்.

இறங்கினேன். கணுக்கால் வரை சேறு. டிரைவிங் ஸ்கூலில் நாங்கள் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். அவள் முதல் தடவையிலேயே பாஸ், நான் மூன்றாவது தடவையில். அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். க்ளட்சை மிதித்து ராடைக் கடைசி வரை இழுத்தாள். வண்டி ஒரு தடவை குலுங்கியது. பிறகு அவசரமே இல்லாமல், எருமை குளத்திலிருந்து ஏறுகிற மாதிரி, நான்கு காலும் ஊன்றி ஏறத் தொடங்கியது. முன்சக்கரங்கள் சேற்றை அள்ளி என் சட்டை மேல் வாரி இறைத்தன. வீடியோவில் பார்க்கும்போது இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

மேட்டு உச்சியில் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பதினொரு பிள்ளைகளுக்கு முன்னால் சிரிக்காத சிரிப்பு. வண்டி அந்தப் பக்கம் இறங்கி, குவாரியைச் சுற்றி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கியது. சோதனை முதல் சுற்றிலேயே முடிந்துவிட்டது. மூன்றாவது சுற்று எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பெரியவர்கூட உள்ளே ஜன்னலுக்கு மேலிருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பல் தெரிய உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் என் பக்கம் இறங்கி வந்து, “டீச்சருக்குக் கை நல்லா கீது சார்” என்றார். எனக்கு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

விலை பேசியதும் அவள்தான். பெரியவர் சொன்ன தொகையில், சீட் கிழிசலுக்கு இவ்வளவு, நான்கு டயருக்கு இவ்வளவு என்று கழித்துச் சொன்னாள். கணக்கு டீச்சரிடம் அவர் தோற்றார். ஆனால் சந்தோஷமாகத் தோற்றார். இதற்கு முன் வந்த இரண்டு பேருக்குக் கொடுக்க மனசு வரவில்லையாம். சாவியை என்னைத் தாண்டி அவள் கையில் வைத்தார். மாடி அறை என்ன ஆச்சு என்று நான் மெதுவாகக் கேட்டதற்கு, அடுத்த வருடம் கட்டிக்கொள்ளலாம், முதலில் ஜவ்வாதுமலை என்றாள்.

பெரியவர் டயருக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்க, செஞ்சேறு வழிகிற வண்டி தயாரானது. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இருபத்தாறு வருடத்தில் பழகிய மிகப் பணிவான குரலில், வீடு வரைக்குமாவது நான் ஓட்டட்டுமா என்று கேட்டேன்.

“பின்னாடி ஏறுங்க.”